மதில்மேல் வைத்த தட்டு

பூனை வளர்க்கிறவர்களுக்கு ஒரு சத்தம் தெரியும். கிணற்றுக் கப்பி எண்ணெய் இல்லாமல் சுற்றுகிற மாதிரி "ஹக்... ஹக்... ஹக்" என்று வயிற்றுக்குள்ளிருந்து வரும். முதுகு கூனும், கழுத்து நீளும். அடுத்து என்ன வரும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பழைய பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடி அதன் வாய்க்கு நேராக விரிக்க வேண்டும். நான் விரித்த பேப்பரில் எங்கள் பூனை ஒருநாளும் கக்கியதில்லை. வீடு முழுக்கச் சிமெண்டுத் தரை கிடக்க, மடித்து வைத்த துணி, திருத்தி வைத்த விடைத்தாள், என் கணவரின் செருப்பு என்று தேடிப்போய்த்தான் கக்கும். கக்கிவிட்டு, யாரோ செய்த வேலை மாதிரி அதைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். துடைப்பது நான்தானே.

மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீடு வயலுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். ஒரே மகள். அவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு மஞ்சள் குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இடது காது அப்போதே கிழிந்திருந்தது. படிப்பு முடிந்து வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனபோது விமான நிலையத்தில் எங்களைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுதுகொண்டே சொன்னது, "அவனப் பாத்துக்கம்மா" என்பதுதான். அப்பாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. அதை என் கணவர் இன்றுவரை சொல்லிக்காட்டுவார்.

போனில் வீடியோ வந்தால் முதல் கேள்வி, "அவன் எங்கம்மா, காட்டு." நான் பூனையைத் தூக்கிக் காட்டுவேன். அது போனைப் பார்க்காது, பல்லியைப் பார்க்கும். அவளுக்கு அது போதும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மதில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். அவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே நெல் போடுகிறவர்கள். இரண்டு பசு உண்டு. நாங்கள் கிறிஸ்தவர்கள். என் கணவரின் முப்பாட்டன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். அவர்கள் பொங்கல் பானை எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் கிறிஸ்துமஸ் பலகாரம் அங்கே போகும். பூனைக்கு மதில் ஒரு பொருட்டே இல்லை. காலையில் அக்கா பால் பீய்ச்சி முடித்ததும் நுரையோடு ஒரு கொட்டாங்குச்சியில் அதற்கு ஊற்றுவார். அது எனக்குத் தெரியும். அதற்குமேல் அங்கே என்னென்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. இங்கே நான் என்ன போடுகிறேன் என்பது அக்காவுக்கும் தெரியாது. பூனைக்கு மட்டும் இரண்டு வீட்டுச் சமையலறையும் நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த வீட்டில் அதற்கு வேறு பேர் என்பதுகூட எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

என் கணவர் குடும்பத்தில் ஒரு வழக்கம். சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுவரை, தவக்காலம் முழுக்க, வீட்டில் கவுச்சி கிடையாது. மீன் கூடாது என்று கோயிலில் யாரும் சொன்னதில்லை. பங்குச் சாமியாரே மீன் சாப்பிடுவார். ஆனாலும் இந்த வீட்டு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் அந்த நாற்பது நாளும் மீன்சட்டியைப் பரணில் ஏற்றிவிடுவேன். மனிதருக்கு நோன்பு என்றால் வீட்டுப் பூனைக்கும் அதுதான். தயிர்சோறு.

மகள் போனபின் வந்த ஒரு தவக்காலத்தில் பூனை தயிர்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுகிற மாதிரி தரையைப் பிறாண்டும். பிறகு மதிலேறிப் போய்விடும். போகட்டும், பசித்தால் தானே வரும் என்று விட்டுவிட்டேன். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், சிலுவைப் பாதைக்குப் போவதற்காக வெள்ளைச் சேலையைக் கட்டிலில் எடுத்து வைத்திருந்தேன். முகம் கழுவிவிட்டு வருவதற்குள் "ஹக்... ஹக்." சேலை நடுவில், மஞ்சளும் மிளகாயும் போட்டு வேகவைத்த கோழித் துண்டுகள், மெல்லாமல் விழுங்கியபடி முழுசாக.

"ஊரே ஒருசந்தி இருக்கு, நீ கோழியா தின்னுட்டு வர்ற?" என்று கத்தினேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஞானஸ்நானம் குடுக்காததுக்கு நோன்பு எதுக்கு, விடு" என்றார்.

சிரித்தேன். வேறு சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உயிர்ப்பு ஞாயிறு அன்று ஆட்டுக்கறி எடுத்தோம். பாவம், இத்தனை நாள் தயிர்சோறுதானே வைத்தோம் என்று எலும்பும் கொழுப்புமாக ஒரு கிண்ணம் நிறைய வைத்தேன். வைத்த வேகத்தில் காலி. சாயந்தரத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி. அதற்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த கையோடு எங்கள் பக்கம் வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கான விரதங்கள் தொடங்கும். பக்கத்து வீட்டு அக்கா அந்த வருஷம் அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தார். அவர் மகனுக்குக் கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நேர்த்திக்கடன். கையில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் அந்த வீட்டில் கவுச்சி வாடையே இருக்கக் கூடாது. வாசலைச் சாணி தெளித்து மெழுகி, வேப்பிலை செருகி வைத்திருந்தார்கள்.

அங்கே கோழி நின்றதும், பால் நேரம் போக, பூனை முழு நேரமும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மொபெட்டில் வருகிற மீன்காரரிடம் வைகை அணை ஜிலேபி மீன் வாங்கி, தலையெல்லாம் அதற்கே போட்டேன். ஜிலேபியில் முள் அதிகம். பூனைக்கு முள் என்ன செய்யும், பூனைதானே என்று நினைத்தேன். நாம் எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. "டீச்சர்! இங்கன வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தேன். மெழுகிய வாசலில், போட்ட கோலத்தின் நடுவில், மீன்தலை. முள்ளோடு, சளியோடு, அடையாளம் தெரிகிற அளவில். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"காப்புக் கட்டுன வீட்டு வாசல்ல ஒங்க பூன மீனக் கக்கி வச்சிருக்கு. ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "எங்க பூனையா? தெனமும் விடியக்காலைல பால ஊத்திக் கூப்புட்டு வச்சுக்கிட்டது யாரு? தவக்காலத்துல கோழியப் போட்டது யாரு? எஞ் சேலையே போச்சு. நான் வந்து கேட்டனா?"

"வாயில்லாச் சீவன் பசியோட வந்து கத்துது, நீங்க நோம்புன்னு பட்டினி போட்டா நாங்க பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"நாங்க பட்டினி போட்டமா? தயிர்சோறு என்ன, சோறு இல்லையா?"

வார்த்தை தடித்தது. கடைசியில் அக்கா, "ஒங்க பூனைய ஒங்க வீட்டுல கட்டிப் போடுங்க" என்றார். நான், "ஒங்க பால ஒங்க வீட்டுலயே வச்சுக்கங்க" என்றேன். பூனையைக் கட்டிப்போட முடியாது, பாலை நிறுத்தவும் முடியாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அன்றையிலிருந்து பேச்சு நின்றது. மதிலருகே துணி காயப்போடும்போது அக்கா அந்தப் பக்கம் பார்ப்பார், நான் இந்தப் பக்கம் பார்ப்பேன். நடுவில் பூனை உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்க்கும்.

அதன்பிறகுதான் பயம் பிடித்தது. தின்றால் கக்கியது. தின்னாத நாளிலும் மஞ்சளாக நுரை கக்கியது. தொட்டால் விலா எலும்பு கையில் தட்டியது. என் கணவர் உரக்கடைக்காரர், எதைப் பார்த்தாலும் பயிராகத்தான் தெரியும். "சத்துக் கொறவு மாதிரித்தான் இருக்கு" என்றார். "அருகம்புல்லுத் திங்கட்டும், வயிறு சுத்தமாகும்." அருகம்புல்லும் தின்றது. புல்லையும் சேர்த்துக் கக்கியது.

மகள் போனில் கூப்பிட்டாள். பூனையைத் தூக்கி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் காட்டினேன். நர்சுக்கா தெரியாது? "ஏம்மா இப்படி எளச்சிருக்கான்?"

"வெயிலு. இங்கன எல்லாருந்தான் எளச்சிருக்கோம்."

"கீழ விடு, நடக்கட்டும், பாக்குறேன்."

போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். பண்ணிவிட்டுப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு லீவு கிறிஸ்துமஸுக்குத்தான். அதுவரை இது இருக்குமா? அவள் என்னிடம் விட்டுவிட்டுப் போனது இது ஒன்றுதான். வந்து எங்கே என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?

மறுநாள் ஒயர் கூடையில் பூனையை வைத்து, மேலே துண்டைக் கட்டி, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்கே சினைப் பசு, கழிச்சல் கண்ட ஆடு, கோம்பையிலிருந்து வந்த செந்நாய் நிறத்து வேட்டைநாய் ஒன்று. அந்த நாய் கூடையைப் பார்த்து ஒருதரம் உறுமியது. கூடைக்குள்ளிருந்து அதைவிடப் பெரிய உறுமல் வந்தது. இத்தனை நோவிலும் ரோஷத்துக்குக் குறைச்சலில்லை என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

டாக்டரம்மா இளவயது. பூனையை மேஜையில் வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். ஈறைத் தொட்டார். தோலைத் தூக்கி விட்டுப் பார்த்தார்.

"என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

"தயிர்சோறு, மீனு. வேற ஒண்ணுமில்ல. பூச்சி மாத்திர குடுங்க டாக்டர், வயித்துல பூச்சிதான்."

அவர் பூனையின் இடது காதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். என்னைப் பார்த்தார். மறுபடி காதைப் பார்த்தார்.

"இந்தப் பூனை நாலஞ்சு நாளைக்கு முன்னாடி இங்க வந்துச்சே. மஞ்சத்துணி போட்ட கூடையில. பூச்சி மாத்திரை அப்பவே குடுத்துட்டேன். இன்னொருதரம் குடுத்தா அதுக்கே கக்கும். இன்னும் மோசமாகும்."

"இதா? இது எங்க பூனை டாக்டர். நான் இப்பத்தான் மொத மொதல்ல கொண்டாரேன்."

"கையில காப்புக் கட்டின ஒரு அம்மா கொண்டு வந்தாங்க. என்ன சாப்பிடுதுன்னு கேட்டேன். பாலுஞ் சோறுந்தான், வெளிய போய்க் கண்டதையும் திங்குதுன்னாங்க. கண்டதுன்னா என்னன்னு கேட்டேன். விரதத்துல இருக்கேன், வாயால சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

என் பூனையை என்னைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போவதா என்றுதான் முதலில் சுர்ரென்று கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே அந்தக் காட்சி கண்ணில் வந்தது. விரதக்காரி, மீன் என்று வாயால் சொல்லக்கூட மாட்டாத மனுஷி, மீன் கக்குகிற பூனையைக் கூடையில் வைத்து, மஞ்சள் துணியை மேலே போட்டு, வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

டாக்டரம்மா பூனைக்குத் தோலடியில் குளுக்கோஸ் ஏற்றினார். வாந்திக்கு ஓர் ஊசி போட்டார். "அவங்க ஒரு பாதி சொல்லுறாங்க, நீங்க ஒரு பாதி சொல்லுறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. அப்பத்தான் என்னன்னு சொல்ல முடியும்" என்றார்.

சேர்ந்து வாங்க என்று சொல்வது அவருக்குச் சுலபம். எனக்கு மதிலைத் தாண்ட வேண்டும். அன்று மீன் சமைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, கூடையோடு அக்கா வீட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"அக்கா, டாக்டரு ஒங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாக."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். கூடையைப் பார்த்தார். "உசுரோட இருக்குல்ல?" என்றார். அந்தக் குரலில் சண்டையே இல்லை.

"இருக்கு. ஊசி போட்டிருக்காக."

"அன்னிக்கு வாசல்ல கெடந்துச்சுல்ல டீச்சர், அதுல ரத்தம் கலந்திருந்துச்சு. நீங்க பாக்கல. நான் பாத்தேன். அதப் பாத்து ஈரக்கொல நடுங்கிப் போச்சு. அந்தப் பயத்துல என்ன பேசுனேன்னே தெரியல. வாசலு என்ன, மெழுகுனா வாசலு."

நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடைக்குள்ளிருந்து பூனை ஒருதரம் கத்தியது. நாங்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி ஒரே நேரத்தில் அதைச் சமாதானப்படுத்தினோம். அக்கா கூப்பிடுகிற பேரை அன்றைக்குத்தான் கேட்டேன். எங்கள் பேரைவிட நன்றாகவே இருந்தது. அதை மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் சேர்ந்தே போனோம். பஸ்ஸில் கூடை எங்கள் இரண்டு பேர் மடியிலும் பாதி பாதியாக இருந்தது. டாக்டரம்மா கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. எங்கள் தவக்காலத்தில் இங்கே தயிர்சோறு, அங்கே மசாலாக் கோழி. உயிர்ப்பு ஞாயிறன்று இங்கே ஒரே நாளில் கிண்ணம் நிறைய ஆட்டுக்கறி. அக்கா காப்புக் கட்டியதும் அங்கே வெறும் பால், இங்கே முள்ளோடு மீன்தலை. இது போதாதென்று மற்ற நாளெல்லாம் இரண்டு வீட்டிலும் முழுச் சாப்பாடு. இங்கே தின்றதை அங்கே மறைத்து, பட்டினி கிடந்த மாதிரி கத்தி வாங்கித் தின்றிருக்கிறது.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரு வருஷத்துல ரெண்டு நோன்பு, ரெண்டு விருந்து. மனுஷ வயிறே தாங்காது."

பிறகு பொறுமையாகச் சொன்னார். பூனை வயிறு பழகிய சாப்பாட்டைத்தான் தாங்கும். திடீரென்று மாற்றினால் கக்கும். மாற்ற வேண்டுமென்றால் பழைய சாப்பாட்டோடு புதியதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்துக்குமேல் இழுத்து மாற்ற வேண்டும். அவசரமாக விழுங்குகிற பூனைக்குக் கிண்ணம் ஆகாது. அகலத் தட்டில் பரப்பி, ஒரு தடவைக்குக் கொஞ்சமாக, நாளைக்கு நாலுதரம் வைக்க வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. அக்கா இதை நம்பவில்லை. "பூனைக்குப் பாலு ஆகாதா? அப்ப எதுக்குத்தான் இப்படிப் பறக்குது?" என்றார். "சின்னப் புள்ளைகளுக்கு மிட்டாய் புடிக்கும்ல, அது மாதிரி" என்றார் டாக்டரம்மா. முள்ளும் வெந்த எலும்பும் தொண்டையைக் கீறும், குடலில் குத்தும். அன்று வந்த ரத்தம் முள் கீறியதாகத்தான் இருக்கும். மசாலா, வெங்காயம் கூடவே கூடாது. வெயில் காலத்தில் முடி கொட்டும். நக்கி நக்கி அதை விழுங்கி உருண்டையாகக் கக்கும். சீவிவிட்டால் அது குறையும். எப்போதாவது ஒருதரம் முடியைக் கக்கிவிட்டுச் சாப்பாடு கேட்டால் பயப்பட வேண்டாம். திரும்பத் திரும்பக் கக்கினாலோ, ரத்தம் வந்தாலோ, சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ ஒருநாள்கூடப் பார்த்துக்கொண்டிருக்காமல் கொண்டுவர வேண்டும். "அருகம்புல்லு, பூச்சி மாத்திரைன்னு நீங்களா வைத்தியம் பாக்காதீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

சொன்னதைச் செய்வதில்தான் சிக்கல். முள் எடுத்த மீனோ, உப்புக் காரம் போடாத கோழியோ வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தேர்வு நேரம். காலையில் ஒருதரம், சாயந்தரம் வந்து இரண்டுதரம் நான் வைத்துவிடலாம். மத்தியானம் யார் வைப்பது? என் கணவர் கடையை விட்டு வர முடியாது. அக்கா வீட்டில் இருக்கிறார். ஆனால் கையில் காப்பு. கவுச்சித் தட்டைத் தொடக் கூடாது.

அக்காதான் வழி சொன்னார். "நீங்க போகும்போது மதிலுமேல தட்ட வச்சு, மேல ஒரு மூடியப் போட்டுட்டுப் போங்க. காக்கா தள்ளாம மூடிக்கு மேல கல்ல வைங்க. நேரத்துக்கு நான் தொறந்து விடுறேன்."

"தொடக் கூடாதே அக்கா?"

"நான் எங்க தொடுறேன்? குச்சிதான தொடுது."

முதல்நாள் மத்தியானம் வெயிலுக்கு மீன் கெட்டுவிடுமே என்று நினைத்துப் பாதி நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அதனால்தான் அந்தக் காட்சியைப் பார்க்கக் கிடைத்தது. மதில்மேல் வேப்பமர நிழலில் தட்டு, அதற்கடியில், நான் தட்டை வைக்குமுன் அக்கா தண்ணீர் ஊற்றி வைத்த தாம்பாளம். எறும்பும் வராது, சூடும் ஏறாது. அக்கா முந்தானையால் மூக்கை மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நீளமான ஒரு குச்சியால் முதலில் கல்லைத் தள்ளினார், பிறகு மூடியைத் தள்ளினார். மூடி என் பக்கம் விழுந்து உருண்டது. பூனை தின்றது. அக்கா திரும்பாமலே கேட்டார். "திங்குதா டீச்சர்? மெதுவாத் திங்குதா? அள்ளி முழுங்காத, ஏலே, மெதுவா!"

எனக்கு அன்று சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து காலையில் கோழிதான் வைத்தேன், நேரத்தையும் முன்னால் தள்ளினோம். பாலை அக்கா நிறுத்தியது லேசில் நடக்கவில்லை. ஒரு வாரம் பூனை மாட்டுத் தொழுவத்தில் போய் நின்று அவர் கொட்டாங்குச்சியைத் தேடிக் கத்தியிருக்கிறது. "நெஞ்சு பொறுக்கல டீச்சர், தண்ணி ஊத்தி வச்சிட்டு வந்துட்டேன்" என்றார். சாயந்தரம் பேன் சீப்பால் அதன் முதுகைச் சீவுவதும் அவர் வேலை. முடி பந்து பந்தாக வரும். அதைக் காட்டி, "இம்புட்டும் வயித்துக்குள்ள போயிருக்கும்" என்பார், ஏதோ புதையல் எடுத்த மாதிரி.

கக்குவது உடனே நிற்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது வாரத்துக்கு ஒன்றாயிற்று. பிறகு எப்போதாவது ஒரு முடி உருண்டை. திருவிழாவில் அக்கா அக்கினிச்சட்டி எடுத்தபோது நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். காப்பை அவிழ்த்த பிறகு அவர்கள் வீட்டில் கோழி அடித்தார்கள். எனக்குப் பக்கென்றது. மசாலா வாடை வந்ததும் பூனை அந்தப் பக்கம் தாவியது. கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் வந்தது. "டீச்சர், மசாலாப் போடுறதுக்கு முன்னாடியே இதுக்கு ரெண்டு துண்டு வேகவச்சு எடுத்துட்டேன். முழுசும் வைக்கவா, பாதி வைக்கவா?"

"பாதி போதும்க்கா. நான் காலைல வச்சிட்டேன்."

இரண்டு வீட்டுப் பூனைக்கு என்ன வைத்தோம் என்று மதிலுக்கு மேலே சத்தம் போட்டுச் சொல்வது அன்றிலிருந்து எங்கள் வழக்கமாயிற்று. தெருவுக்கே அதன் சாப்பாட்டு நேரம் தெரியும்.

மகளிடம் அந்தப் பேரைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜ் பொய்யையும் சொன்னேன். அவள் கோபித்துக்கொண்டாள், அழுதாள், பிறகு சீப்பு என்ன சீப்பு என்று கேட்டாள். லீவு தள்ளிப் போனது. தள்ளித் தள்ளி, மறுவருஷம் தவக்காலத்தின் நடுவில்தான் கிடைத்தது.

அவள் வந்த அன்று எங்கள் வீட்டில் மீன்சட்டி பரணில் இருந்தது. வழக்கத்தை நான் மாற்றவில்லை. பூனைக்கு நோன்பு இல்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தோம். சாம்பல் புதனிலிருந்து சாப்பாடு அந்தப் பக்கத்து வேலை. அக்கா வேகவைத்துப் பிசைந்து, மூடி, கல் வைத்து, மதில்மேல் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார். நேரத்துக்குத் திறந்துவிடுவது என் வேலை.

கார் வந்து நின்ற சத்தம் கேட்கவில்லை எனக்கு. நான் பின்பக்கம் மதிலருகே நின்றுகொண்டிருந்தேன். முந்தானையால் மூக்கை மூடி, முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அக்காவின் அதே குச்சியால் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என்னம்மா பண்ற?"

திரும்பினேன். மகள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். என்னைக் கட்டிக்கொள்ள வருகிறாள் என்று குச்சியைப் போட்டுவிட்டுக் கையை விரித்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். பூனை தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளை ஒரு நிமிஷம் பார்த்தது. முகர்ந்தது. பிறகு மறுபடி குனிந்து மெதுவாகத் தின்று முடித்தது. முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். முடித்ததும் இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கியவள் லேசாகத் தடுமாறினாள்.

"என்னம்மா இது, இப்படிக் கனக்குறான்!"

மதிலுக்கு அந்தப் பக்கம் வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த அக்காதான் பதில் சொன்னார்.

"ரெண்டு வீட்டுச் சோறு ஆத்தா. கனக்காம என்ன செய்யும்?"